பத்து நிமிடம் கழித்து எடுத்த படம்

காணாமல் போனவரின் மனைவி கொடுத்த கூடுதல் வாக்குமூலம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு அவர் தாமாக நிலையத்துக்கு வந்து, சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் கடந்த வியாழக்கிழமை நான் கொடுத்த புகாரில் உள்ளபடியே. வயது நாற்பத்து நான்கு. வாடகை வீடு, மூன்றாவது மாடி. ஸ்கேன் சென்டர் ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக சி.டி. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். காணாமல் போயிருப்பவர் என் கணவர். வயது நாற்பத்தொன்பது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைகள் இல்லை.

வியாழக்கிழமை கொடுத்த புகாரில், காணாமல் போனவரின் உடல்நிலை என்ற இடத்தில் கல்லீரலில் புற்றுநோய் என்று நான்தான் எழுதச் சொன்னேன். அது தவறு. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று சொல்லவும், அந்த வரியை மாற்றிக் கொடுக்கவும்தான் இன்று வந்திருக்கிறேன். அந்தப் புகாரை வைத்து மற்ற நிலையங்களுக்குத் தகவல் போய்விட்டதாக அதிகாரி சொன்னார். எங்காவது ஒரு காவலர் அவரைக் கண்டுபிடித்து, கையிலிருக்கும் தாளைப் பார்த்து, கேன்சர்காரர் நீங்கள்தானா என்று கேட்டுவிடக் கூடாது.

என் கணவர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் உடல் பரிசோதனை செய்வார்கள். சென்ற மாதம் நடந்த பரிசோதனையில், கல்லீரலில் வலது பக்கம் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிகிறது, சி.டி. எடுத்துப் பார்க்கவும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு ஹெபடைடிஸ் பி கிருமி ரத்தத்தில் நெடுநாளாக உண்டு. அவருடைய அண்ணனுக்கும் இருந்தது. அண்ணன் அதனாலேயே கல்லீரலில் புற்றுநோய் வந்து ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில்தான் இறந்தார். பதினான்கு மாதம் அவரை நான் பார்த்துக்கொண்டேன். படுக்கையைச் சுத்தம் செய்ததும் நான்தான், அவர் வலி தாங்காமல் வாய்க்கு வந்தபடி திட்டியதைக் கேட்டுக்கொண்டதும் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது தேவைப்படுகிறது.

சி.டி. எடுக்க வராமல் என் கணவர் மூன்று வாரம் சாக்குப் போக்குச் சொன்னார். உட்கார்ந்து பேசி வழிக்குக் கொண்டுவர எங்களுக்கு நேரமும் கிடையாது. அவர் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். என் வேலை பகல் பன்னிரண்டு முதல் ஒன்பது வரை. நான் வரும்போது அவர் தூங்கியிருப்பார். அவர் துவைத்துப் போட்டதை நான் மடித்து வைப்பேன், நான் சமைத்து வைத்ததை அவர் சூடு பண்ணிச் சாப்பிடுவார், இதுதான் எங்கள் பேச்சுவார்த்தை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற அளவுகூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

அதன் பிறகு, சென்ற திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவரே சென்டருக்கு வந்து நின்றார். ஊழியரின் சொந்தக்காரருக்கு அந்த ஊழியரே ஸ்கேன் எடுப்பதில்லை என்பது எங்களிடம் ஒரு வழக்கம். கை நடுங்கும், கண் பொய் சொல்லும் என்பார்கள். அன்று மற்றொரு டெக்னீஷியன் விடுப்பு. நாளைக்கு வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர், "வேற யாரும் வேண்டாம், நீயே எடு. ஊசி நல்லா போடுவன்னு ஊரே சொல்லுது, எனக்குத்தான் இதுவரைக்கும் போட்டதில்ல" என்றார். நாளை என்றால் இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும் என்பதால் சம்மதித்தேன்.

இந்த இடத்தில் அதிகாரி என்னை நிறுத்தி, "கட்டின்னா கட்டிதானேம்மா, படத்துல எல்லாம் வெள்ளையாத்தானே தெரியும், எதை வச்சு நல்லது கெட்டது சொல்றீங்க?" என்று கேட்டார். அதற்கு நான் சொன்னது: கையில் ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றுவோம். அது ரத்தத்தோடு ஓடும்போது படத்தில் வெள்ளையாகத் தெரியும். மருந்து ஏற்றுமுன் ஒருமுறை, ஏற்றி அரை நிமிடத்தில் ஒருமுறை, ஒரு நிமிடம் தாண்டி ஒருமுறை, கடைசியாகப் பத்து நிமிடம் கழித்து ஒருமுறை என்று நான்கு தடவை படம் எடுப்போம். கெட்ட கட்டி மருந்தை முந்திக்கொண்டு இழுத்து வெள்ளையாகும், அதேபோல முந்திக்கொண்டு விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் கல்லீரலைவிடக் கறுத்துப்போகும். வெறும் ரத்தக்குழாய்கள் சுருண்டு ஆன கட்டி என்று ஒன்று உண்டு. அது ஒன்றும் செய்யாது. பிறந்ததிலிருந்தே இருக்கும், சாகும்வரை இருக்கும். அது வாங்கின மருந்தைச் சீக்கிரம் விடாது. பத்து நிமிடம் ஆனாலும் பக்கத்து ரத்தக்குழாய் போலவே வெள்ளையாக இருக்கும். அது சிறியதாக இருந்தால் அரை நிமிடப் படத்தில் கெட்டதைப் போலவே பளிச்சென்று தெரியும். அதனால் பொறுத்திருந்து கடைசிப் படத்தைப் பார்க்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அதன் பிறகு அவரை மேசையில் படுக்க வைத்து ஊசியைப் போட்டேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் கணினி அறைக்கு வந்துவிட்டேன். படம் எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்லும் குரல் மெஷினிலிருந்தே வரும். அது பத்து வருடத்துக்கு முன் நான் பேசிப் பதிவு செய்தது. சென்டரில் என்னை மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் சண்டை வந்தால் அவர், "இப்ப மூச்சு விடலாங்களா மேடம்?" என்று கேட்டுக் கேலி செய்வார். அன்று அரை நிமிடப் படத்துக்கு மூச்சை ஒழுங்காகப் பிடித்தார். அடுத்த படத்துக்கு மெஷினிலிருந்து என் குரல் மறுபடியும் அதே அதட்டலோடு வந்ததும் அவரால் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கி அந்தப் படம் முழுக்கக் கலங்கிப்போனது. கண்ணாடி வழியாக அவர் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று எனக்கு அப்போது தோன்றியது.

அப்போதுதான் அரை நிமிடப் படம் திரைக்கு வந்தது. கல்லீரலில் வலது பக்கம் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. அவருடைய அண்ணனின் முதல் படத்தையும் நான்தான் பார்த்தேன். அதுவும் அப்படியே இருந்தது.

அந்தச் சமயத்தில் விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பத்து நிமிடம் மெஷினைச் சும்மா போட்டு வைக்க முடியாது என்பதால், காத்திருக்கும் ஆளை இறக்கி வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவசர ஆளை எடுப்பது எங்கள் பழக்கம். திரும்ப ஏற்றும்போது மெஷினில் புதிதாகப் பதிய வேண்டும். பெயர், வயது எல்லாம் அடித்துக்கொண்டிருந்தால் நேரம் தவறிவிடும். எனவே அவசரப் பதிவு என்ற பொத்தானை அழுத்தினால் மெஷின் வெறும் நம்பர் ஒன்று கொடுக்கும். எடுத்து முடித்த பிறகு அந்த நம்பரில் பெயரைப் போட்டு, முன்னால் எடுத்த படங்களோடு சேர்த்து, படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டரம்மாவின் கணினிக்கு அனுப்ப வேண்டும். இதை நான் ஆயிரம் தடவை செய்திருக்கிறேன்.

அதன்படி என் கணவரை இறக்கி, தலையில் அடிபட்டவரை எடுத்து, பிறகு அவரை மறுபடி ஏற்றிப் பத்தாவது நிமிடப் படத்தை எடுத்தேன். எடுத்தேன் என்பது உறுதி. ஆனால் அதை நான் பார்க்கவில்லை. கறுத்திருந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, திரையை விட்டு எழுந்து, நேராக உள்ளே போய் அவர் கையிலிருந்த ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எதிர்த்தாப்ல ஒரு டீ குடிச்சிட்டு வரலாமா?" என்று கேட்டார். பதினாறு வருடத்தில் வேலை நேரத்தில் நான் வெளியே போய் டீ குடித்ததில்லை. அன்று போனேன். இருபது நிமிடம் நின்றுகொண்டே குடித்தோம். அவர் ஒரு கட்டடத்து லிஃப்ட் நான்காவது மாடியில் மட்டும் கதவைத் திறந்து திறந்து மூடுவதைப் பற்றிச் சொன்னார், அதற்குப் பேய் பிடித்திருப்பதாக அங்கே இருக்கிற வாத்தியாரம்மா நம்புகிறார் என்றார். நான் அவர் காதோரம் நரைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஆறு பேர் காத்திருந்தார்கள். அந்த நம்பரில் பெயர் போடுவதை மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை டாக்டரம்மா தம் கணினிக்கு வந்த மூன்று படங்களை வைத்து அறிக்கை எழுதினார். கட்டி ஆரம்பத்திலேயே வெள்ளையாகிறது, அடுத்த படம் கலங்கியிருப்பதால் சொல்ல முடியவில்லை, கடைசிப் படம் எடுக்கப்படவில்லை, கிருமி உள்ளவர் என்பதால் புற்றுநோய் என்றே முதலில் கருத வேண்டும், உடனே மேல் பரிசோதனை தேவை என்பது அதன் சாரம். டாக்டரம்மாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் கையில் கிடைத்ததுக்குச் சரியாகத்தான் எழுதினார். கடைசிப் படம் எடுக்கப்படவில்லை என்ற வரியைப் படித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குப் புற்றுநோய் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், இன்னும் வரவில்லை என்று காலையில் அவரிடம் பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அன்று பகல் அவர் சென்டருக்குப் போய்க் கவுண்டரில் தம் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். மாலை சீக்கிரம் வந்தார். சமையலறை அலமாரிக் கதவு ஒரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதைச் சரி செய்தார். சேர்ந்து சாப்பிட்டோம். இன்னொரு கரண்டி போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் சந்தோஷப்பட்டேன். என்னைப்போல மடச்சி உலகத்தில் இல்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எழுந்தபோது அவர் இல்லை. வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். அதன் பிறகு ஃபிரிட்ஜின் மேல் அவருடைய போன் சார்ஜ் ஏற்றி வைத்திருப்பதையும், அதன் அடியில் அறிக்கையின் நகல் இருப்பதையும் கண்டேன். அதன் பின்பக்கத்தில் அவர் கையெழுத்தில், "அண்ணனை நீ பாத்துக்கிட்டத நான் பாத்தேன். இன்னொரு தடவை உனக்கு அது வேண்டாம். தேடாதே. நேரத்துக்குச் சாப்பிடு" என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை வியாழக்கிழமையே நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். நகல் என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகு அவர் வேலை பார்க்கும் கட்டடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனேன். வாத்தியாரம்மா இருக்கும் கட்டடத்தின் காவலாளி, அவர் காலை ஏழு மணிக்கு வந்து நான்காவது மாடிக் கதவைச் சரி செய்துவிட்டு, லிஃப்ட் அறைச் சாவியைத் தம்மிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்றார். பாக்கி வேலையையெல்லாம் முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அவரைக் கடைசியாகப் பார்த்தது பஸ் நிலையத்தில் பத்திரிகைக் கடை வைத்திருப்பவர், அன்று பதினோரு மணிக்கு. எந்த பஸ்ஸில் ஏறினார் என்று அவர் கவனிக்கவில்லை. வெளியூரில் இருக்கும் என் நாத்தனாருக்குப் போன் செய்தேன். அங்கும் வரவில்லை. அவர் அழுதுகொண்டே, "அண்ணி, அண்ணனுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா, எங்க போயிருப்பாரு?" என்று என்னையே கேட்டார். அன்று பிற்பகல் புகார் கொடுத்தேன்.

அவருடைய போன் என்னிடம் இருக்கிறது. அதில் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் லிஃப்ட் நின்றுவிட்டது என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் எப்போது வருவார் என்று கேட்டால், வருவார் என்று சொல்கிறேன். போனை அணைத்து வைக்க மனம் வரவில்லை.

நேற்று சனிக்கிழமை, அவர் கிடைத்தவுடன் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காகப் படங்களைக் குறுந்தட்டில் பதிந்துகொள்ள சென்டருக்குப் போனேன். மெஷினில் திங்கட்கிழமைப் பட்டியலைத் திறந்தபோது பெயரில்லாத ஒரு நம்பர் கண்ணில் பட்டது. பெயர் போடாத படங்கள் ஏழாம் நாள் தாமாகவே அழிந்துவிடும். அன்று ஆறாம் நாள். திறந்து பார்த்தேன். இடதுபக்கம் எட்டாவது விலா எலும்பில் பழைய முறிவு கூடின தடம் இருந்தது. அது லிஃப்ட் குழியில் விழுந்தபோது அவருக்கு ஏற்பட்டது. என் கணவர்தான். அதன் பிறகு கல்லீரலுக்கு வந்தேன். அந்தப் புள்ளி பத்து நிமிடம் கழித்தும் வெள்ளையாகவே இருந்தது. பக்கத்து ரத்தக்குழாயும் அதுவும் ஒரே வெள்ளை. கொஞ்சம்கூடக் கறுக்கவில்லை. கணினி அறையில் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். வரவேற்பில் இருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

அதன் பிறகு டாக்டரம்மாவை வீட்டிலிருந்து வரவழைத்தேன். அவர் நான்கு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்தார். இது ரத்தக்குழாய்க் கட்டி, புற்றுநோய் இல்லை, சிகிச்சை எதுவும் வேண்டாம், கிருமி இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழக்கமான பரிசோதனை போதும் என்று திருத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம், உங்க வேலைக்கும் ஆபத்தில்ல, நமக்கும் கெட்ட பேரில்ல" என்றார். மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்தது, நான்தான் செய்யவில்லை என்று அவரிடம் சொன்னேன். இங்கே அதிகாரியும், இப்படிச் சொன்னால் என்மேல் நடவடிக்கை வரலாம் என்று எச்சரித்தார். தெரிந்துதான் சொல்கிறேன்.

அடையாளங்களைப் பற்றி அதிகாரி மறுபடியும் கேட்டார். விலா எலும்பு முறிவையும், பித்தப்பை கொஞ்சம் மடங்கியிருப்பதையும் சொன்னேன். "வெளிய தெரியுற அடையாளமா சொல்லுங்கம்மா" என்றார். என்ன நிறச் சட்டை போட்டுக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் உடன் வாழ்ந்த பெண்பிள்ளைக்கு அவரிடம் எத்தனை சட்டை இருக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. வலது பெருவிரலின் கீழே தீப்புண் தழும்பு உண்டு. நகக்கண்ணில் கிரீஸ் கறை எப்போதும் இருக்கும். லிஃப்டில் ஏறமாட்டார், எத்தனை மாடியானாலும் படியில்தான் போவார். ஏன் என்று கேட்டால், "அதோட உள்விவகாரம் எனக்குத் தெரியும்" என்பார். இதைக் கேட்டு அதிகாரி சிரித்துவிட்டார். இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார் அவர்.

மாற்றி அனுப்பப்போகும் தகவலில், கல்லீரலில் இருப்பது ஆபத்தில்லாத கட்டி என்பதைப் பெயருக்கும் மேலே முதல் வரியாகப் போட வேண்டும் என்று கேட்டேன். படிவத்தில் அப்படி இடமில்லை என்றார் அதிகாரி. அப்படியானால், கண்டுபிடிக்கிறவர் அவரிடம் பெயரைக் கேட்பதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று கீழே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதினார். அதற்கு அடுத்து, இவ்வளவும் என் தவறால் நேர்ந்தது என்பதால், விஷயத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் வீட்டுக்குத் திரும்ப அவருக்கு மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம் என்றும் எழுதச் சொன்னேன். அதையும் எழுதினார். அதன் பிறகு எழுதியது முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். வற்புறுத்த வேண்டாம் என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடச் சொன்னேன். எதற்காக என்று கேட்டார். அவர் எனக்கு வேண்டும் என்று சொன்னேன்.

இதில் உள்ளவை நானாகச் சொன்னவை, யாருடைய தூண்டுதலும் இல்லை, படிக்கக் கேட்டேன், அனைத்தும் உண்மை. மாற்றி அனுப்பும் தகவலில் ஒரு வரி என் விருப்பப்படி அடிக்கப்பட்டுள்ளது. அடித்த இடத்திலும் நானே கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
காணாமல் போனவரின் மனைவி